ரோமாரியோவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த கதை

கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இங்க புதுசா ஒருத்தரைப் பார்த்தா ஊர், பேர், சாப்பாடு எல்லாம் விசாரிச்சு முடிச்சதும் அடுத்த கேள்வி தயாரா இருக்கும். "நீ மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" ரெண்டும் இல்லன்னு சொன்னா, "ஓ, மெட்ராஸ்காரங்க கிரிக்கெட் மட்டும்தான் பார்ப்பீங்க இல்ல?"ன்னு ஒரு பரிதாபப் பார்வை. நான் மெட்ராஸ்காரன் இல்லன்னு சொல்றதை விட்டு ரொம்ப நாளாச்சு. ஆனா அந்த கிரிக்கெட் சமாச்சாரம் மட்டும் இன்னமும் சுருக்குன்னு தைக்கும். ஏன்னா எங்க பக்கத்துல கிரிக்கெட் மட்டை வச்சிருந்த பையன் நோஞ்சான்னு அர்த்தம்.

எங்க பக்கம்னா கன்னியாகுமரி மாவட்டத்தோட மேற்கு மூலை. குழித்துறை ஆறு தேங்காப்பட்டணத்துக்கிட்ட கடல்ல சேருது பாருங்க, அங்கிருந்து கேரள எல்லையில இருக்கிற நீரோடி வரைக்கும் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறைன்னு வரிசையா மீனவ ஊருங்க. எந்த ஊர் எங்க முடிஞ்சு எந்த ஊர் எங்க ஆரம்பிக்குதுன்னு வெளியாளுக்குத் தெரியாது. ஊருக்கு ஒரு சர்ச், ஒரு வாசகசாலை, ஒரு ஃபுட்பால் டீம். ஐ.எஸ்.எல்.ல ஜாம்ஷெட்பூருக்கும் அப்புறம் இதே கொல்கத்தாவோட ஏ.டி.கே.வுக்கும் ஆடின மைக்கேல் சூசைராஜ், இரவிபுத்தன்துறைக்காரர்தான். இதை ஆஃபீஸ்ல சொன்னப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைச்சுது.

நான் கடற்கரைப் பையன் இல்ல. ஏ.வி.எம். கால்வாய்க்கு இந்தப் பக்கம், தென்னந்தோப்புக்குள்ள வீடு. அப்பா போஸ்ட் ஆபீஸ்ல கிளார்க். ஹைஸ்கூல் மட்டும் கரையோரம். அங்க நான் போய்ச் சேர்ந்தப்ப எனக்குக் கணக்கு வரும், அவனுங்களுக்குப் பந்து வரும். பண்டமாற்று மாதிரி ஆரம்பிச்ச சிநேகிதம்.

கடற்கரை மணல்ல ஆடிப் பாத்திருக்கீங்களா? பந்து உருளாது. பாஸ் போட்டா பாதியில செத்துப் போகும். அதனால அங்க வளர்ற பையனுங்க பந்தைத் தரையில வைக்கவே மாட்டானுங்க. கால் நுனியால தூக்கி, தொடையில வாங்கி, விழறதுக்குள்ள அடிக்கணும். ஆனி, ஆடியில கடல் ஏறி வந்து கிரவுண்டுல பாதியைத் தின்னுரும். பதினோரு பேர் டீம் ஏழு பேர் டீமா சுருங்கும். புரட்டாசிக்கு மேல கடல் மணலைத் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி பதினொண்ணு. தோல்பந்து உப்புத்தண்ணி குடிச்சு குடிச்சு கருங்கல் மாதிரி ஆயிரும். அதுக்குத் தேங்காயெண்ணெய் தடவி வெயில்ல காயவைக்கிறது ஜூனியர் பசங்க வேலை. ஹெட் பண்ணிட்டு வீட்டுக்குப் போனா நெத்தியில தேங்காயெண்ணெய் வாசனை. அம்மா ரொம்ப நாளா நான் ஒழுங்கா எண்ணெய் வைக்கிறேன்னு நெனச்சுட்டிருந்தாங்க :-)

1994 ஜூன்ல நாங்க பத்தாம் வகுப்புக்குள்ள நுழையறோம், அமெரிக்காவுல உலகக்கோப்பை ஆரம்பிக்குது. இதை விடக் கெட்ட நேரம் ஒரு பத்தாம் கிளாஸ் பையனுக்கு வர முடியாது. மேட்ச் எல்லாம் நமக்கு ராத்திரி பத்து மணிக்கு, ஒன்றரை மணிக்கு, விடியக்காலை அஞ்சு மணிக்குன்னு வரும். வாசகசாலையில ஒரு டி.வி. ஆண்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பிப் புடிச்சுக்கிட்டு ஒருத்தன் மழையில நிப்பான். முறைவச்சு நின்னோம். மரடோனா கிரீஸுக்கு எதிரா கோல் போட்டு கேமராவுக்குள்ள வந்து கத்தினதைப் பாத்து வாசகசாலையே கத்துச்சு. அடுத்த வாரமே ஊக்கமருந்துன்னு அவரை வெளியேத்தினாங்க, ஊர்ல எழவு விழுந்த மாதிரி ஆயிடுச்சு. சொந்த கோல் போட்டதுக்காக கொலம்பியாவோட எஸ்கோபாரை அவங்க ஊர்லயே சுட்டுக் கொன்ன சேதி வந்த அன்னிக்கு, எங்க டிஃபன்ஸ்ல ஆடற ஒருத்தன் ரெண்டு நாள் கிரவுண்டுக்கு வரல. அவன் அதுக்கு முந்தின வாரம்தான் பக்கத்து ஊருக்கு எதிரா ஒரு சொந்த கோல் போட்டிருந்தான்!

அந்த ஒரு மாசத்துல எங்க எல்லாருக்கும் பேர் மாறிப் போச்சு. எங்க ஃபார்வேர்டு குள்ளம், கோல் பக்கத்துல சும்மா நின்னுட்டே இருப்பான், பந்து வந்தா மட்டும் மின்னல். அவன் ரோமாரியோ. கோல்கீப்பர் தஃபரேல். வாயில நுழையாம நாளடைவில தப்பரேலு. எனக்கு மட்டும் ஆட்டக்காரன் பேரு கிடைக்கல. லெஃப்ட் பேக்கா ஆடின என்னைக் "கணக்கு"ன்னே கூப்பிட்டானுங்க. ஃபைனல் நமக்கு ஜூலை 18, திங்கட்கிழமை, ராத்திரி ஒரு மணிக்கு. பெனால்டியில பாஜியோ பந்தை மேல அடிச்சு முடிஞ்சப்ப மணி மூணரைக்கு மேல. எல்லாரும் பாஜியோவைப் பத்திப் பேசிட்டிருந்தப்ப எங்க தப்பரேலு மட்டும், "மஸ்ஸாரோ அடிச்சதை தஃபரேல் புடிச்சானே, அதை எவனும் பேசமாட்டான் பாரு"ன்னான். கோல்கீப்பருங்க விதி அதுதான். காலையில ஒன்பது மணிக்கு ஸ்கூல்ல பாதி கிளாஸ் பெஞ்சுல படுத்துத் தூங்குச்சு.

ரோமாரியோவைப் பத்தி உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இங்க சால்ட் லேக் மைதானத்துல டெர்பி பாத்திருக்கேன், டி.வி.யில உலகத்துல உள்ளதெல்லாம் பாத்திருக்கேன். பந்து காலுக்கு வர்றதுக்கு முந்தியே அடுத்து என்னன்னு தெரிஞ்சு வச்சிருக்கிற அந்த நிதானம், பக்கத்துல நின்னு பார்த்தது அவன்கிட்டதான். எங்க பி.டி. சாருக்கும் அது தெரியும். அவர் கணக்கு ரொம்ப எளிசு. பத்தாவது பாஸ் ஆகணும், மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஆடி சர்ட்டிபிகேட் வாங்கணும். ரெண்டும் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வே, போலீஸ், பேங்க்னு எங்கயாவது உத்தியோகம். அவர் உதாரணம் சொல்றது எப்பவும் ஐ.எம். விஜயன். திருச்சூர் மைதானத்துல சோடா வித்த பையன், கேரளா போலீஸ்ல சேர்ந்து, மோகன் பகான் வந்து கூட்டிட்டுப் போற அளவுக்கு ஆயிட்டாருன்னு சொல்லுவார். (2025-ல விஜயனுக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது பி.டி. சார்தான்.)

எங்க கரையில ஃபுட்பால்ங்கிறது இதுதான். விளையாட்டு சரி, அதோட கடலுக்குப் போகாம இருக்க ஒரு வழி. அங்க உள்ளவங்க சுறாவுக்குத் தூண்டில் போடற ஆழ்கடல்காரங்க. கொச்சியில படகேறினா திரும்பி வர வாரக்கணக்காகும். அம்மாமாருக்கெல்லாம் மகன் கரையில நிக்கணும். அந்த வழிக்கு வாசல்ல நின்னது ஒரே ஒரு மார்க். கணக்குல 35.

ரோமாரியோ அரைப்பரீட்சையில வாங்கினது 11.

பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு, "லேய் கணக்கு, நீ ஆடி ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல. அவனைப் பாஸ் பண்ண வை"ன்னார். மனசு கஷ்டமாதான் இருந்துச்சு, ஆனா உண்மைதானே! அன்னிக்கே ஆரம்பிச்சோம். கவுத்துப் போட்ட வள்ளத்து நிழல்ல நான், ரோமாரியோ, கூட சும்மா உக்காந்திருக்க வந்த தப்பரேலு.

இயற்கணிதம் அவன் மண்டையில ஏறவே இல்ல. எக்ஸைப் பாத்தாலே வயித்து வலின்னு எந்திரிப்பான். ஒரு நாள் கடுப்புல நோட்டை மூடிட்டு, கோல்போஸ்ட்டை வரைஞ்சேன். அகலம் 24 அடி. பெனால்டி புள்ளி 36 அடி தள்ளி. நாலு அடிக்கு ஒரு சென்டிமீட்டர்னு வச்சா ஆறு சென்டிமீட்டர் கோடு, ஒன்பது சென்டிமீட்டர் தூரத்துல ஒரு புள்ளி. ரெண்டு போஸ்ட்டுக்கும் கோடு இழுத்து கோணமானியை வைடான்னேன். 37 டிகிரி வந்துச்சு. அதே தூரத்துல பக்கவாட்டா 36 அடி நகர்ந்து நில்லு, இப்ப அளந்து பாரு. 19. பாதிதான் இருக்கு. ரோமாரியோ நோட்டையே பாத்துட்டிருந்தான். "மக்கா, இதனாலதான் நான் ஓரத்துக்குப் போறதே இல்ல"ன்னான். அவன் காலுக்கு ரெண்டு வருஷமா தெரிஞ்சது அன்னிக்குத்தான் பேப்பர்ல வந்துச்சு.

அதுல எதிர்பாராம மாட்டினது தப்பரேலுதான். "அப்போ நான் முன்னால வந்தா?" கோட்டுல நின்னா அவன் 24 அடியையும் காக்கணும். 18 அடி முன்னால வந்துட்டான்னா, அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிறது 12 அடி. வடிவொத்த முக்கோணம். வகுப்புல சார் மூணு நாள் நடத்தினதை அவன் மூணு நிமிஷத்துல புடிச்சுக்கிட்டான். அதுலேருந்து எந்த மேட்ச்சுலயும் அவன் கோட்டுல நின்னு நான் பாக்கல. ஃபார்வேர்டு தனியா வந்தா கையைக் காலை விரிச்சுக்கிட்டுப் பேய் மாதிரி ஓடி வருவான். வடிவியலை வச்சு கோல் தடுத்த ஒரே கீப்பர் எங்க கீப்பராத்தான் இருக்கணும், ஹி ஹி.

1995 ரிசல்ட் மாலைப் பேப்பர்ல வந்துச்சு. நான் பாஸ், தப்பரேலு பாஸ். ரோமாரியோ நம்பர் இல்ல. கணக்குல 29. வரைபடம், வடிவியல் எல்லாம் போட்டிருந்தான், மத்ததெல்லாம் காலி. அக்டோபர்ல திரும்ப எழுதலாம்னு சொன்னோம். அதுக்கு நடுவுல நாலு மாசம் சும்மா இருப்பானேன்னு அவனோட சித்தப்பா கொச்சிக்குக் கூட்டிட்டுப் போனார். நடுவுல கரைக்கு வந்தப்ப வந்து பரீட்சை எழுதிட்டும் போனான். பாஸ் ஆயிட்டான், 38. மார்க் ஷீட்டை நான்தான் ஸ்கூல்ல வாங்கி வச்சிருந்தேன். மாவட்டத் தேர்வு நடந்தப்ப அவன் கடல்ல இருந்தான். அடுத்த வருஷம் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிட்டாங்க, கடன் வாங்கியாச்சு, அப்புறம் அந்தப் பேச்சே எழல. பி.டி. சார் மட்டும் ரெண்டு தடவை அவன் வீட்டுக்குப் போயிட்டு வந்தார்.

பின்னாடி ஒரு தடவை அவன்கிட்டயே கேட்டேன். சிரிச்சுட்டான். "38 வாங்கினவன் மக்கா நான். எங்க வீட்டுல மொத பத்தாங்கிளாஸ் பாஸ். அதை விடு"ன்னு பேச்சை மாத்திட்டான். எங்க பேட்ச்சுல ஃபுட்பாலால வேலைக்குப் போனது ஒருத்தன்கூட இல்ல. கணக்கால போனது நான் ஒருத்தன். இஞ்சினியரிங், பெங்களூர், புனே, இப்ப கொல்கத்தா. தப்பரேலு ஐ.டி.ஐ. படிச்சுட்டு, கொஞ்ச நாள் வெளியூர்ல வேலை பாத்துட்டு, அவனும் கடைசியில அப்பா படகுக்கே வந்துட்டான்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். அதுக்குப் பல நாள் முந்தியே ஆழ்கடலுக்குப் போனவங்களுக்கு எச்சரிக்கை எதுவும் போய்ச் சேரல. எங்க கரையில எத்தனை வீடு இருண்டு போச்சுன்னு அப்ப பேப்பர் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சனங்க குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்து, ஆளைத் தேடுங்கன்னு கேட்டாங்க. நான் இங்க ஆஃபீஸ் மாடிப்படியில உக்காந்து ரெண்டு நம்பரை மாத்தி மாத்திப் போட்டுட்டிருந்தேன். ரெண்டும் ஸ்விட்ச் ஆஃப். நிறைய படகு மகாராஷ்டிராவுல தேவ்கட் துறைமுகத்துல ஒதுங்கியிருக்குன்னு சேதி வந்துச்சு. ஆறாவது நாள் ஒரு புது நம்பர்லேருந்து ரோமாரியோ பேசினான். குரலே இல்ல, காத்து மாதிரி வந்துச்சு. "நான் இருக்கேன்"ன்னு சொல்லிட்டு, "அவன் போட்டைப் பத்தி ஏதாச்சும் தெரியுமா"ன்னு கேட்டான்.

தப்பரேலு வரல. உடம்பும் கிடைக்கல.

கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போனேன். எப்பவும் அந்த வாரம் கரை முழுக்க டோர்னமென்ட் நடக்கும், மைக் செட் அலறும். அந்த வருஷம் ஒண்ணுமில்ல. ரோமாரியோவும் நானும் தப்பரேலு வீட்டுக்குப் போனோம். அவங்க அம்மா டீ போட்டுக் கொடுத்தாங்க. ஒண்ணும் பேசல. பள்ளிக்கூட டீம் போட்டோ ஒண்ணு சுவத்துல இருந்துச்சு. அதுல பூட்ஸ் போட்டிருந்தது அவன் ஒருத்தன்தான். டீமுக்கே ஒரு ஜோடிதான் இருந்துச்சு, கீப்பர் கோல்கிக் அடிக்கணுமேன்னு அவனுக்குக் கொடுத்திருந்தோம்.

ரோமாரியோ இப்பவும் கடலுக்குப் போறான். கரையில இருக்கிற நாள்ல சாயங்காலம் சின்னப் பசங்களுக்குப் பந்து போடறான்.

2022 டிசம்பர்ல அர்ஜென்டினா, பிரான்ஸ் ஃபைனலை இங்க தெருவுல திரை கட்டிப் பாத்தோம். கொல்கத்தாவுல பாதிக்குப் பாதி அர்ஜென்டினா ஆளுங்க. 3-3, எக்ஸ்ட்ரா டைம் முடிய சில நொடிதான் பாக்கி, பிரான்ஸோட கோலோ முவானி தனியா பந்தோட வர்றான். அர்ஜென்டினா கீப்பர் மார்ட்டினெஸ் கோட்டை விட்டு ஓடி வந்து, கையைக் காலை விரிச்சு, இடது காலால தடுத்தான். தெருவே எந்திரிச்சு ஆடுது. என் பாக்கெட்ல போன் அடிக்குது. கொச்சி துறைமுகத்துலேருந்து ரோமாரியோ. பெனால்டி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

"பாத்தியா லேய் கணக்கு?"

"பாத்தேன்."

"எத்தன அடி முன்னால வந்தான்?"

"தெரியல மக்கா. டி.வி.யில சரியாத் தெரியல."

"அளந்து சொல்லு"ன்னுட்டு வச்சுட்டான்.