அப்பாவின் கண்ணும் ஆல்டோவின் பானெட்டும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா ஆளைக் காணோம். நடுவுல அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வேற. இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை, எங்க வண்டியைப் பத்தி. ஆனா ரெண்டையும் பிரிச்சு எழுத வரலை. பொறுத்துக்கோங்க.

வண்டி 2008 மாடல் ஆல்டோ, சில்வர் கலர். நான் ஆறாவது படிக்கும்போது வந்தது. ஊர் கிளியனூர், திண்டிவனத்துலேர்ந்து பாண்டி போற வழியில. 'வாத்தியார் வண்டி'ன்னா தெருவுக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பக்கெட் தண்ணியும் பழைய பனியனுமா அப்பா உக்காந்தார்னா, எனக்கு டிபன் கிடைக்க பத்து மணி ஆகும். 2023-ல 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிக்க ஃபீஸ் மட்டும் 5,000 ரூபாய்னு தெரிஞ்சப்போ, "வித்துடலாம்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கண்ணு மங்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். ஓட்டறதை அவராவே நிறுத்திட்டார். சனி ஞாயிறு நான் வந்தா நான்தான் டிரைவர். கழுவுறது மட்டும் அவர்தான், தடவித் தடவி.

பானெட்டுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்க வீட்டு வாசல் புளியமரத்துக் கிளை ஒண்ணு நேரா பானெட் மேல விழுந்துச்சு. ரோட்டோரக் கடை ஒண்ணுல தட்டி நிமித்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தாங்க. கண்ணாடி மாதிரி மின்னிச்சு. அந்தக் கண்ணாடிதான் இப்போ வெடிக்க ஆரம்பிச்சது. முதல்ல முடி மாதிரி கோடுகள். அப்புறம் தண்ணி வத்தின ஏரி மண்ணு கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குமே, அச்சு அசலா அது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்து, பக்கத்துல மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. கொட்டினதே, அதுல நனைஞ்ச பிறகு வெடிப்புக்குள்ள தண்ணி இறங்கி ஓரமெல்லாம் வெள்ளை பூத்துடுச்சு.

அப்பா கையால தடவிட்டு, "சொரசொரன்னு இருக்கே, என்னாடா?" என்றார். நான், "தூசுப்பா. பெயிண்ட் புதுசு மாதிரிதான் இருக்கு" என்றேன். ஒரு வருஷத்துக்கும் மேல அதையே சொல்லிட்டிருந்தேன். விக்கலாம்னு பேச்செடுத்தவனே வண்டி வீணாப் போச்சுன்னும் சொன்னா எப்படி இருக்கும்?

சும்மாவும் இருக்கலை. ஒரு பாலிஷ் மெஷினும் காம்பவுண்டும் ஆன்லைன்ல வாங்கி, அப்பா தூங்கற நேரத்துல ஓட்டினேன். அவ்வ்வ்வ்! காம்பவுண்ட் பவுடர் வெடிப்புக்குள்ள போய் உக்காந்து, முன்னாடி மங்கலாத் தெரிஞ்ச கோடெல்லாம் கோலப்பொடி போட்ட மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன் (இஞ்சினியர் புத்தி, வேலையைக் கெடுத்துட்டுத்தான் மேனுவல் படிப்போம்). கம்பெனி பெயிண்ட்ல கலருக்கு மேல இருக்கற அந்த நிறமில்லாத கிளியர் கோட்டோட தடிமன் சுமார் 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடியை விட மெல்லிசு. வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரை அதுல கலந்திருக்கற ரசாயனம் தாங்கிக்கும். வருஷக் கணக்குல அது செலவாகித் தீரும். தீர்ந்ததும் பிசின் விறைச்சுப் போகும். பகல்ல கொதிச்சு ராத்திரி ஆறற தகடு விரிஞ்சு சுருங்கும்போது, மேல இருக்கறது கூட வளையாம வெடிக்கும். மேலாக்க மங்கியிருந்தாத்தான் பாலிஷ் உதவும். வெடிப்பு ஆழமா இறங்கினது, அதைத் தேய்ச்செடுக்க முடியாது. மேலேயே இன்னொரு கிளியர் அடிச்சா, கொஞ்ச நாள்ல அடியில இருக்கற கோடு அப்படியே மேல வந்துடும்.

இதுக்கு நடுவுல தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் முடிஞ்சது. வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாள் கறுப்புக் கண்ணாடியோட வாசலுக்கு வந்தார். பானெட் பக்கத்துல நின்னார். கண்ணாடியைக் கழட்டினார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளாதாம்பா."

"புதுசு மாதிரி இருக்குன்னியே."

அவ்வளவுதான். உள்ளே போயிட்டார். திட்டியிருந்தா தேவலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மாகிட்ட, "இவன் சொன்னதை நம்பி நானும் நாலு பேர்கிட்ட வண்டி நல்லா இருக்குன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றார். எனக்குச் சோறு இறங்கலை.

அடுத்த சனிக்கிழமை திண்டிவனத்துல ஒரு பெயிண்டர்கிட்ட கொண்டு போனேன். அவர் முதல்ல செஞ்சது எனக்குப் புதுசு. பழந்துணியைத் தின்னர்ல நனைச்சு ஒரு ஓரத்துல தேய்ச்சார். துணியில சில்வர் ஒட்டிக்கிட்டு வந்தது. "என்.சி. பெயிண்ட் தம்பி. ஹார்ட்னர் போட்டு அடிச்சதுன்னா தின்னருக்குக் கரையாது. இது மேல நான் பி.யூ. அடிச்சா அடியில இருக்கறது கிளம்பி சுருக்கம் விழும். தகடு வரைக்கும் எறக்கணும்" என்றார். இறக்கினப்போ அடியில பட்டி மட்டும் பிஸ்கட் கனத்துக்கு இருந்துச்சு. அடிபட்ட இடத்தை ஒழுங்காத் தட்டாம பட்டியாலேயே ரொப்பியிருக்காங்க. வெடிப்புல பாதிக்கு அதுவும் காரணம்னார்.

வேலை மூணு நாள். தட்டி, பிரைமர் அடிச்சு, வாட்டர் பேப்பர் போட்டு, கலர், அதுக்கு மேல கிளியர். கிளியர்ல ஹார்ட்னர் கலந்துட்டா சில மணி நேரத்துல அடிச்சு முடிச்சாகணும், டப்பாவுலயே கெட்டியாகிடும். நம்ம பாஷையில சொன்னா ரோல்பேக் கிடையாது. அந்த ஹார்ட்னர்ல இருக்கற ஐசோசயனேட் நுரையீரலைப் பதம் பார்க்கும், அதனால மொட்டை மாடியில நாமளே அடிக்கலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. அந்த அண்ணன் மூக்குல கைக்குட்டை கட்டிட்டுத்தான் அடிச்சார். முறையான மாஸ்க் வாங்கித் தரேன்னதுக்கு, "இருபத்தஞ்சு வருசம் ஆச்சு தம்பி"ன்னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

மொத்தம் 6,500 ரூபாய். வண்டி வீட்டுக்கு வந்ததும் அப்பா சுத்திச் சுத்திப் பார்த்தார். "பானெட்டு கொஞ்சம் நீலமாத் தெரியுது. பக்கத்துல இருக்கறது வேற மாதிரி இருக்கே?"

சில்வர் மேட்ச் பண்றது கஷ்டம்னு பெயிண்டரே சொல்லியிருந்தார். உள்ள இருக்கற அலுமினியத் துகள் படுத்திருக்கற விதம் கொஞ்சம் மாறினாலும் நிறம் மாறித் தெரியுமாம். புரை எடுத்த கண்ணுக்கு நீலம் தூக்கலாத் தெரியும்னும் படிச்சிருக்கேன். எதுன்னு எனக்குத் தெரியலை. அப்பாவே கண்டுபிடிச்சார். வலது கண்ணைப் பொத்திக்கிட்டு இடது கண்ணால பார்த்தார். "இதுல ஒரே மாதிரி இருக்கு." மாத்திப் பொத்தினார். "இதுல வேற." திரும்பவும் இது, திரும்பவும் அது. கண் பரிசோதனைக்கு வந்த ஸ்கூல் பையன் மாதிரி வாசல்லயே நின்னு பார்த்துட்டு, என் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படிடா தெரியுது?" என்றார்.

"சாயங்கால வெயில்ல வித்தியாசம் தெரியுதுப்பா" என்றேன்.

தலையாட்டினார். ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் முன் சீட்ல உக்காந்து, "பாண்டி வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம் வா" என்றார்.

இடது கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க. வண்டியோட இடது பக்கக் கதவுக்கு அடியில, படியில துரு ஏறி விரல் நுழையற அளவுக்கு ஓட்டை இருக்கு. அந்தப் பெயிண்டர்தான் காட்டினார். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போறேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிடணும்.