கல்வியும் காலடியும்

முதியோர் நடந்து செல்வதைக் கூர்ந்து நோக்கியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். சிலர் உடன் வருவோரோடு உரையாடிக்கொண்டே நடப்பர். வேறு சிலரோ, யாரேனும் ஏதேனும் வினவினால், நின்று விடையிறுத்த பின்னரே அடுத்த அடியை எடுத்து வைப்பர். முதுமையின் இயல்பு இது என்று கருதி எல்லோரும் இதனைக் கடந்து போகிறோம். ஆயினும் அந்தச் சிறு நிறுத்தத்துக்குள் உடலின் தளர்ச்சி மட்டுமன்றி, மூளையின் செயலும், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்குக் கிட்டிய அல்லது கிட்டாமற்போன பள்ளிக் கல்வியும் மறைந்திருக்கக்கூடும் என்பதை அறிஞர்களின் ஆய்வுகள் உணர்த்துகின்றன. தாய் தந்தையரை ஊர்விட்டு ஊர் அழைத்து வந்து வாழும் நம் போன்ற குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

நாம் வாழும் கடக்வாஸ்லா, புனே நகருக்குத் தென்மேற்கே முத்தா ஆற்றின் கரையில் அமைந்த ஊர். 1916இல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும், 1955இல் திறந்துவைக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்பு அகாதமியும் இங்கு உள்ளன. மத்திய அரசுப் பணியின் பொருட்டு இப்பகுதிக்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. எழுத்தர் பணியேற்று வந்த நாமும் அவர்களுள் ஒருவர். பிள்ளைகள் பணிக்கு வந்த ஊருக்கு, தள்ளாத வயதில் பெற்றோரும் வந்து சேர்கின்றனர். சொந்த ஊரில் தெருவின் மேடு பள்ளங்கள் அவர்களின் கால்களுக்கு மனப்பாடம். இங்கோ ஏற்ற இறக்கமான சாலை. ஞாயிறுதோறும் ஏரியைக் காண வருவோரின் வண்டி நெரிசல். காதில் விழுவது புரியாத மொழி. ஊரில் எண்ணாமல் நடந்தவர்கள் இங்கே ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்க வேண்டியவர்களாகின்றனர்.

நம் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். 78 வயதிலும், மாலை நடையின்போது பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவாறே நடப்பார். அன்னையார் அவரினும் ஐந்து ஆண்டு இளையவர். உடல் வலிமையில் தந்தையாரை விஞ்சியவர். இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகக் கிணற்றிலிருந்து நீர் சுமந்து குடும்பத்தை நடத்தியவர். ஆயினும் கைக்குழந்தையாயிருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டுமென்று மூன்றாம் வகுப்போடு பள்ளியினின்று நிறுத்தப்பட்டவர். ஏதேனும் கேட்டால் நின்றுவிடுபவர் அவரே. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், ஊரிலிருந்து தங்கை அழைக்கவே, கைப்பேசியில் பேசிக்கொண்டே குடியிருப்பின் வாயிற்படியில் இறங்கினார். அன்று அவர் நிற்கவில்லை. கால் இடறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு அமர்ந்திருந்த அவரைக் கண்ட பின்னரே, நடைக்கும் பேச்சுக்கும் உள்ள உறவைப் பற்றி நாம் தேடிப் படிக்கலானோம்.

1997இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் லில்லமோர் லுண்டின்-ஓல்சன் என்பாரும் அவர்தம் குழுவினரும் இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் மருத்துவ இதழில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 58 பேரோடு நடந்தவாறே உரையாட்டைத் தொடங்கினர். 12 பேர் பேசுவதற்காக நின்றுவிட்டனர். அடுத்த ஆறு திங்களில் அந்த 12 பேருள் 10 பேர் கீழே விழுந்தனர். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, உடன் நடந்து ஒரு சொல் பேசியதனாலேயே விழக்கூடியவர் யாவர் என்பதைப் பெரிதும் அறிய முடிந்தது. நடத்தல் என்பது கால்களின் வேலை மட்டுமன்று, அறிவின் வேலையுமாகும் என்பதை உலகம் உணர்ந்துகொள்ள இக்கட்டுரை பெரிதும் துணை செய்தது.

இதன் காரணத்தை நம் ஊர் ஏரியைக் கொண்டே விளக்கலாம். கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்திலிருந்து புனே நகரின் குழாய்களுக்கும் நீர் செல்கிறது; கிழக்கே உள்ள வயல்களுக்குக் கால்வாய் வழியாகவும் நீர் செல்கிறது. ஏரி நிறைந்திருக்கும்போது இரண்டுக்கும் குறையில்லை. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்தால் குடிநீருக்கு முதலிடம் தந்து, கால்வாய்க்கு விடும் நீரைக் குறைக்கின்றனர். மனிதனின் கவனமும் இத்தகையதே. இளமையில் நடைக்குக் கவனம் மிகுதியாக வேண்டியதில்லை. எஞ்சியதைப் பேச்சுக்குச் செலவிடலாம். முதுமையில் கண் மங்கி, மூட்டு தளர்ந்து, பாதத்தின் உணர்வு குறையும்போது நடையே பெருங்கவனத்தைக் கோருகிறது. அதே வேளையில், கவனத்தைப் பங்கிட்டு ஆளும் மூளையின் முன்பகுதியும் தளர்கிறது. அப்போது பேச்சும் சேர்ந்துகொண்டால் நடை மெதுவாகும். அடிகள் சீர் குலையும். ஆகவே பேசுவதற்காக நிற்கும் முதியவர் உடலின் அறிவுரைக்குச் செவிசாய்க்கிறார் என்றே கொள்ளவேண்டும். அந்நிறுத்தம் ஓர் எச்சரிக்கை; அதுவே ஒரு காப்புமாகும்.

இனி, கல்வி இதில் எங்கே வருகிறது? 1988இல் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் காட்ஸ்மன் குழுவினர், இறந்த முதியோரின் மூளைகளை ஆராய்ந்தபோது வியப்பான ஒன்றைக் கண்டனர். மறதிநோயின் அடையாளங்கள் மூளையில் நிறைந்திருந்தும், வாழ்ந்த காலத்தில் சிலர் அறிவுத் தெளிவோடு இருந்திருக்கின்றனர். இழப்பை ஈடுசெய்யும் சேமிப்பு ஒன்று அவர்களிடம் இருந்திருக்கவேண்டும் எனக் கருதப்பட்டது. 1994இல் நியூயார்க்கில் யாக்கோவ் ஸ்டெர்ன் குழுவினர் செய்த ஆய்வில், எட்டாண்டுக்கும் குறைவாகப் பள்ளி சென்றவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. இளமையில் கற்ற கல்வி மூளைக்குள் ஒரு சேமிப்பாக நின்று முதுமையில் உதவுகிறது என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. நடையை ஆராய்ந்தோரும், மிகுந்த ஆண்டுகள் கற்றவர்கள் வேறொரு வேலையைச் செய்துகொண்டே நடக்கும்போது நடை வேகத்தைக் குறைவாகவே இழக்கின்றனர் என்னும் போக்கினைச் சில ஆய்வுகளில் கண்டுள்ளனர்.

இம்முடிவுகளை ஆராயாது ஏற்பதும் தகாது. நடந்துகொண்டே நூறிலிருந்து மும்மூன்றாகவோ எவ்வேழாகவோ கழித்துச் சொல்லச் செய்வது இத்தகைய சோதனைகளில் வழக்கம். பலகையில் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு அது எளிது. பள்ளியைக் காணாத மூதாட்டிக்கு அமர்ந்திருந்து செய்தாலும் அது கடினமே. அளவுகோலே கற்றவர் பக்கம் சாய்ந்திருப்பின், அளவு எங்ஙனம் நேராகும்? மேலும், கல்வி பெற்றவர்க்கு நல்லுணவும் நல்ல ஊதியமும் மருத்துவமும் கிட்டியிருக்கும். இவற்றையெல்லாம் பிரித்தறிவது எளிதன்று. ஒருவர் விழுவதற்கு ஈரத் தரை, பொருந்தாத செருப்பு, கண்புரை, உறக்க மருந்து எனக் காரணங்கள் பலவுண்டு. ஆதலின், படிக்காதவர் விழுவர், படித்தவர் விழார் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது.

எனினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. நம் அன்னையர் சிறுமியராயிருந்த 1961ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் எழுத்தறிந்த ஆடவர் 100க்கு ஏறத்தாழ 40. பெண்டிரோ 15 மட்டுமே. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர் மறதிநோய்க்கு ஆளாகியுள்ளனர் எனவும், அது பெண்களிடமும் கல்வி பெறாதவரிடமும் மிகுதி எனவும் தெரிவிக்கிறது. அன்று தம்பியைத் தூக்கிக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமி, இழந்த எழுத்துகளுக்கு மட்டுமன்றி, முதுமையில் உதவியிருக்கக்கூடிய ஒரு சேமிப்புக்கும் விலை கொடுத்திருக்கிறாள். இது அவள் குறையன்று. அவளுக்கு இழைக்கப்பட்ட குறை.

அச்சேமிப்பைப் பள்ளி ஒன்றே தருவதில்லை என்பது ஆறுதல் தரும் செய்தி. 2013இல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஐதராபாத்தில் மறதிநோயுற்ற 648 பேரை ஆராய்ந்தனர். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைக் காட்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசியவர்களுக்கு அந்நோய் நாலரை ஆண்டுகள் பிந்தி வந்திருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. நடையைப் பற்றிய ஆய்வன்று இது. ஆயினும் புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் பொருளுண்டு. காய்கறிக்காரியிடம் மராத்தியில் விலை பேசி, அண்டை வீட்டாரிடம் இந்தியில் நலம் வினவி, வீட்டில் தமிழில் கதை சொல்லும் மூதாட்டி, தம்மை அறியாமலே ஒரு பள்ளியில் பயின்றுகொண்டிருக்கிறார். அவருக்காக நாமே முந்திக்கொண்டு பேசிவிடுவது அன்பாயினும், அவரை அப்பள்ளியினின்று நிறுத்துவதாகும்.

கால்களுக்கும் கல்வி உண்டு. 2011இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் 65 வயதைக் கடந்த 134 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்ததாக வெளியாயிற்று. வாரம் ஒரு மணி நேரம், இசையின் தாளத்துக்கேற்ப நடந்தும் திரும்பியும் கைகளை அசைத்தும் ஆறு திங்கள் பயின்றவர்கள், பயிலாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதியளவே விழுந்தனர். இதனைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது கும்மியும் கோலாட்டமுமே. பாட்டை நினைவிற்கொண்டு, கைத்தாளம் தவறாது, வட்டம் பிறழாது, அடுத்தவர் மீது மோதாது அடி வைத்தல் பல வேலைகளை ஒருங்கே செய்யும் பயிற்சியன்றோ? பள்ளி மறுக்கப்பட்ட பெண்டிர் தாமே அமைத்துக்கொண்ட கல்வி அது.

ஆகவே நம் இல்லங்களில் செய்யத்தக்கன சில உண்டு. படியிலும் சாலையைக் கடக்கையிலும் முதியோரிடம் வினா எழுப்பாதிருப்போம். கைப்பேசி ஒலித்தால் நின்று பேசுமாறு பழக்குவோம். அவர் நின்று பேசினால் நாமும் உடன் நிற்போம். சமதளமான இடத்தில், அருகில் துணை இருக்கும்போது, பேசிக்கொண்டே நடக்கும் பழக்கத்தையும் விட்டுவிடாதிருப்போம். அன்னையார் இப்போது பேரனோடு அமர்ந்து, பேருந்துப் பலகைகளில் காணும் தேவநாகரி எழுத்துகளைக் கற்று வருகிறார். ‘புனே’ என்பதைத் தாமே படித்த அன்று அவர் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பொங்கல் விழா மேடையில் இளைஞரின் ஆடல் பாடலைக் கண்டு களிக்கும் நாம், மூதாட்டியரை முன் வரிசை நாற்காலிகளில் அமர்த்திவிடுகிறோம். மருத்துவரின் இசைவு பெற்று, வாரம் ஒரு மாலை அவர்களையே கும்மிக்கு அழைப்போமாக. அதே கூடத்தில் ஒரு கரும்பலகையும் இருக்கட்டும். எழுத விரும்புவோர் எழுதட்டும். பிடித்து நிற்கப் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் இருக்கட்டும்.