இருக்கை சரியில்லை என்றால்



மிதிவண்டி இருக்கையைப் பற்றி எழுத ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாணவனுக்கு நான் செய்த தவற்றை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

நான்காம் ஆண்டில் பயின்ற அம்மாணவன் நாள்தோறும் மிதிவண்டியில் பள்ளிக்கு வருவான். முதல் பாடவேளையில் நாற்காலியில் நிலைகொள்ளாமல் நெளிவான். அடிக்கடி எழுந்து நிற்பான். “ஒழுங்காக உட்காரத் தெரியாதா?” என்று வகுப்பின் முன்னிலையில் பலமுறை கடிந்துகொண்டேன். அவன் தலை குனிந்துகொள்வான். காரணம் என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவ்வாண்டின் நடுவில், மருத்துவரின் அறிவுரைப்படி நானும் ஒரு மிதிவண்டி வாங்கினேன். பினாங்குப் பாலத்தில் மிதிவண்டிக்கு இடமில்லை. ஆனால், 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய பெர்ரிகளில் அதனை ஏற்றிச் செல்லலாம். சனிக்கிழமை காலையில் பாகான் டாலாமிலிருந்து புறப்பட்டு, அக்கரையில் ஜார்ஜ்டவுனைச் சுற்றி வரவேண்டும் என்பது என் ஆசை. மெத்தென்று இருந்தால் நல்லது என்றெண்ணி, 25 சென்டிமீட்டர் அகலமுள்ள இருக்கையைப் பொருத்தச் சொன்னேன். மூன்றாம் வாரமே தொடையின் உட்புறம் உரசிச் சிவந்தது. அடிப்பகுதி மரத்துப் போனது. திங்கட்கிழமை வகுப்பில் ஐந்து நிமிடம்கூட என்னால் அமர முடியவில்லை. அப்போதுதான், என்னைப் போலவே நெளிந்துகொண்டிருந்த அம்மாணவன் என் கண்ணில் பட்டான்.

பாடம் முடிந்ததும் அவனைத் தனியே அழைத்து, “மிதிவண்டியில் உட்கார்ந்தால் வலிக்கிறதா?” என்று கேட்டேன். “ஆமா டீச்சர். அது அண்ணன் சைக்கிள். சீட்டு ரொம்ப உயரம்” என்றான்.

அன்று மாலை எங்கள் வட்டாரத்தில் மிதிவண்டி பழுதுபார்க்கும் சீனப் பெரியவரிடம் சென்றேன். “சிக்கு, இருக்கையை மெத்தைபோல் தேர்ந்தெடுக்கக் கூடாது, காலணிபோல் அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும்” என்று மலாய்மொழியில் கூறிவிட்டு, ஓர் அட்டைப் பெட்டியின் துண்டைத் தந்தார்.

அம்முறை மிக எளிது. அட்டையைக் கெட்டியான, தாழ்வான பலகைமீது வைத்து, மிதிவண்டி ஓட்டும்போது எவ்வளவு குனிவோமோ அவ்வளவு குனிந்து அமர வேண்டும். இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகளும் அட்டையில் இரு பள்ளங்களைப் பதிக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்துடன் 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூட்டினால் இருக்கையின் அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுவோர்க்குச் சற்றுக் கூடுதலாகவும், குனிந்து ஓட்டுவோர்க்குச் சற்றுக் குறைவாகவும் வேண்டும். எனக்கு 13 சென்டிமீட்டர் வந்தது. ஆகவே, 16 சென்டிமீட்டர் இருக்கை போதும். உடல் பருமனைப் பார்த்து இந்த அளவை ஊகிக்க இயலாது.

உடலின் எடையை அவ்விரு எலும்புகளே தாங்க வேண்டும். இருக்கை மிக மென்மையாக இருந்தால் எலும்புகள் உள்ளே அமிழும். நடுப்பகுதி மேலெழுந்து நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் அழுத்தும். மரத்துப் போவது அதன் எச்சரிக்கையாகும். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மிதிவண்டியில் சுற்றுக்காவல் புரிந்த 90 காவலர்கள் முன்மூக்கு இல்லாத இருக்கையை ஆறு மாதம் பயன்படுத்தினர். மரத்துப் போகவில்லை என்றோர் 27 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காட்டிற்கு உயர்ந்தனர். குறை அவர்களின் உடலில் இல்லை.

மறுநாள் அம்மாணவனின் மிதிவண்டியைப் பார்த்தேன். இருக்கை அண்ணனின் உயரத்திலேயே நின்றது. அதன் மூக்கும் மேல்நோக்கி இருந்தது. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அவன் இடுப்பு இருபுறமும் ஆடி உரசியிருக்கிறது. பள்ளிப் பாதுகாவலரிடம் ஸ்பேனர் வாங்கித் தாழ்த்திச் சமன்படுத்த ஐந்து நிமிடமே ஆயிற்று. வகுப்பின் முன்னிலையில் கடிந்துகொண்டதால், வகுப்பின் முன்னிலையிலேயே அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அவன் வெட்கத்துடன் சிரித்தான்.

பெற்றோர்களே, “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று பெரிய மிதிவண்டியைக் கொடுக்காதீர்கள். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும். நன்கு ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு, மிதி கீழே இருக்கையில் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். சில திங்களுக்கு ஒருமுறை இதனைச் சரிபாருங்கள். பிள்ளைகள் விரைவாக வளர்வார்கள்.

ஆசிரிய நண்பர்களே, நெளியும் பிள்ளையிடம் முதலில் காரணத்தைக் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதைத்தான்.