மாலை யார் கழுத்தில்?

2022 பிப்ரவரி 22. நகராட்சித் தேர்தல் முடிவு வந்ததும் ஆரணியில் எங்கள் தெருவில் வெடி வெடித்தது. வென்றவர் பெண், மாலையோ அவர் கணவரின் கழுத்தில். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இலேயே சட்டம் வந்துவிட்டது.

என் அம்மா வாழ்நாளெல்லாம் தார் சுற்றினாள், அறுந்த இழைகளை முடிந்தாள். கூலி அப்பா பெயரில்தான் வரும். 'தறிக்காரர்' என்றால் அப்பாதான். இதை வகுப்பில் கோபத்தோடு சொல்லும் நானே, அன்று அந்தக் கணவரிடம்தான் "வாழ்த்துகள்ண்ணே" என்றேன். அவர் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரவெல்லாம் அந்தப் பார்வை உறுத்தியது.

மறுநாள் போய் அவரிடமே பேசினேன். "அக்கா, நம்ம தெருச் சாக்கடை..."

கணவர் வாயெடுத்தார்.

"இருங்க, என்னத்தான கேக்கறாங்க" என்றார் அக்கா.