இரண்டு கையெழுத்து

கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வரும். விவாகரத்துக்குத் துணை வர ஓர் ஆள் கிடைப்பதில்லை. கதை எழுதுகிறவனுக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்று நம்பி, திருப்பூரில் எங்கள் வீதித் தம்பதி ஒருவர் என்னை வக்கீலிடம் அழைத்துப் போனார்கள்.

அவர் கட்டிங் மாஸ்டர். அவர் மனைவி ஓவர்லாக் தைப்பவள். சேர்ந்து பாங்கில் கடன் வாங்கி, நாலு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுத்தார்கள். ஆர்டர் குறைந்தது, வீட்டில் பேச்சும் குறைந்தது. இரண்டு வருஷமாகத் தனித்தனி வீடு. சண்டைகூட மிச்சமில்லை.

"பிரியறதுல எங்களுக்குள்ள தகராறு இல்லீங்க" என்றார் அவர்.

வக்கீல் விளக்கினார். 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தில் முதலில் இதற்கு இடமில்லை. பரஸ்பர சம்மதத்தின்பேரில் பிரிய வழி செய்யும் 13-பி பிரிவு 1976-இல்தான் சேர்ந்தது. ஒரு வருஷமாவது பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்டு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

"கடனைப் பாதிப் பாதின்னு மனுவுலயே எழுதிப்போடுங்க" என்றாள் அவள்.

"எழுதலாம் அம்மா. அது உங்கள் இருவரையும் கட்டும், பாங்கைக் கட்டாது."

சேர்ந்து கையெழுத்திட்டவர்களில் யாரிடமும் முழுத்தொகையையும் கேட்கலாம் என்கிறது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். அவர் கட்டாவிட்டால் அவள் கட்டவேண்டும். பிறகு அவர் பங்குக்கு அவர்மேல் வழக்குப் போடவேண்டும்.

நான் திகைத்துப் போனேன். ஊரறியக் கட்டிய தாலியைக் கோர்ட் அவிழ்த்துவிடும். கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்தை அவிழ்க்காது!

மெஷின்களை விற்றுக் கடனை அடைப்பது, பிறகு மனுப் போடுவது என்று முடிவாயிற்று. அவை பாங்குக்கு ஈடு. அதன் சம்மதத்தோடுதான் விற்கமுடியும்.

"ஓவர்லாக் ஒண்ணு மட்டும் இருக்கட்டுங்க. நாளைக்கு எனக்குச் சோறு அதுதான்" என்றாள்.

அவர் சற்று நேரம் பேசவில்லை.

"இருக்கட்டும். குறையுறதுக்கு என்ற ஸ்கூட்டரை வித்துப்போடறேன்."

கடன் தீர்ந்த அன்று, ஒரே பேனாவால் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வாசலுக்கு வந்தவர், பழக்கத்தில் ஸ்கூட்டர் சாவிக்காகச் சட்டைப் பையைத் தடவினார்.

"பஸ்ஸுக்குச் சில்லறை இருக்குதுங்களா?" என்று கேட்டாள் அவள்.