முட்டையின் தரம்

சித்தி மகள் கால்நடை மருத்துவத்தில் ஆய்வு செய்தவள். ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுத என் உதவியைக் கேட்டாள். எருமை எனக்கு மருதத் திணையின் கருப்பொருளாக மட்டுமே பழக்கம்.

இறைச்சிக்கூடத்துக்கு வரும் எருமைகளில் பல, 'இனிச் சினை பிடிக்காது' என்று விற்கப்பட்டவை. அறுத்தபின் அவற்றின் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஊசியால் உறிஞ்சினால் உள்ளே முட்டைகள் இருக்கின்றன. ஊட்டக்கரைசலில், 38.5 டிகிரி செல்சியஸில், ஏறக்குறைய 24 மணி நேரம் வைத்தால் முதிர்கின்றன. உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதல் எருமைக்கன்று 1990இல் கர்னாலில் பிறந்தது. பிரதம் என்று பெயர்.

முதிர்ந்தவை எல்லாம் கருவாவதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"உள்ள இருக்கிறப்போ ஆக்ஸிஜன் கம்மிக்கா. இன்குபேட்டர்ல 20 சதவீதம். எருமை முட்டையில கொழுப்பு ஜாஸ்தி, கருகருன்னு இருக்கும். அதை ஆக்ஸிஜன் அரிச்சிடும்."

அதைத் தடுக்கத்தான் சிஸ்டியமின், மெலட்டோனின், வைட்டமின் சி என்று கரைசலில் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிஸ்டியமின் இருந்தால் முட்டை தனக்கு வேண்டிய குளூட்டாதயோனைத் தானே கூடுதலாகச் செய்துகொள்கிறது. அளவு மிஞ்சினாலும் கெடுதல். முதிர்வதற்கு அந்த அரிப்பும் கொஞ்சம் தேவையாம். ஆன்டிஆக்ஸிடன்டுக்குத் 'துருத்தடை' என்றேன். சிரித்தாள், எழுதிக்கொள்ளவில்லை.

எனக்கு 38 வயதில் ஒரு கருத்தரிப்பு மையத்தில், "முட்டையோட தரம் சரியில்லை" என்றார்கள். சொன்னது என் கணவரைப் பார்த்து. மூன்று மாதத்துக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எழுதித் தந்தார்கள். வயதுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் முட்டைகள் எந்தக் காற்றில், எந்தக் கரைசலில், எவ்வளவு நேரம் இருந்தன என்று எவரும் சொல்லவில்லை. புகுந்த வீட்டில் அந்த வாக்கியம் ஒரே நாளில் ஒற்றைத் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அதற்கு ஆண்பால் வடிவமும் மொழியில் இருக்கிறது, வீடுகளில் கேட்டதில்லை.

சித்தி மகளின் ஆய்வேட்டில், கருவாகாதவற்றுக்கு எதிரே ஆராயப்பட்டிருப்பவை கரைசலும் அளவும் நேரமும். இந்த வேறுபாட்டைச் சொன்னபோது அவள் ஒப்பவில்லை.

"நாங்களும் தரம் பிரிப்போம்க்கா. சுத்தி செல் இல்லாத முட்டையை முதல்லயே கழிச்சிடுவோம்."

"எந்த எருமையோடதுன்னு குறிப்பீங்களா?"

"எப்படிக் குறிக்கிறது? எல்லாச் சினைப்பையும் ஒரே ஃபிளாஸ்க்கிலதானே வருது."