கடல் தாண்டிய சிகிச்சை: நெடுந்தீவில் கண்டதும் கேட்டதும்

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குதிரைகளைப் பார்க்கப் போவார்கள். ஒல்லாந்தர் கோட்டையையும் பெருக்கு மரத்தையும் படம் பிடித்துக்கொண்டு மாலைப் படகில் திரும்பிவிடுவார்கள். இம்முறை நான் போனது ஒரு சகோதரியின் சுகம் விசாரிக்க. 2023ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் அவருக்குக் கழுத்திலும் நாடியிலும் சத்திரசிகிச்சை நடந்தபோது துணைக்குப் போனவள் நான். நமது வாசகிகளில் பலருக்கும் உடம்பில் போரின் தழும்பு இருக்கிறது. "வெளிநாட்டுக்குப் போய் இதை மாற்றலாமா?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறீர்கள். எனவே அந்தப் பயணத்தையும் இந்தப் பயணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் 776 இலக்கப் பஸ்ஸில் ஏறினால் பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இருபுறமும் பரவைக்கடல். புங்குடுதீவில் கூரை விழுந்து, கிணற்றடியில் பற்றை முளைத்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. இறங்குதுறையில் பெரும் கூட்டம் நயினாதீவுப் படகுக்குத்தான். நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்த நம்மவர்களும் நாகவிகாரைக்குப் போகும் சிங்களச் சனங்களும் ஒரே படகில் ஏறி, கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். நெடுந்தீவுப் படகில் ஏறுகிறவர்கள் வேறு மாதிரி. எரிவாயுச் சிலிண்டர், அரிசி மூட்டை, மருந்துப் பை, கிளினிக் கொப்பி என்று கைநிறையச் சுமையோடு ஏறுகிறார்கள். கடல் ஓட்டம் ஒரு மணி நேரம். 1985 மே 15இல் 'குமுதினி' படகில் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டது இதே கடலில்தான். வயதான அம்மாமார் இன்றும் படகு நடுக்கடலுக்கு வந்ததும் கதையை நிறுத்திக் கும்பிடுவதைக் கண்டேன்.

இரவில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் கடற்படைப் படகோ மீன்பிடிப் படகோ கிடைத்துத்தான் அக்கரைக்குப் போகவேண்டும். இப்படிப்பட்ட ஊரில் இருப்பவருக்குச் சத்திரசிகிச்சை என்றால் அது வைத்தியசாலையோடு முடிகிற காரியம் அல்ல. முன்னும் பின்னும் கடல் இருக்கிறது.

"இனி ஆருக்கு வடிவு காட்ட?"

முருகைக்கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிய மதில்களுக்கு நடுவே இருக்கிறது அந்த அக்காவின் வீடு. 2009இல் வன்னியில் ஷெல் விழுந்து கூடாரம் பற்றியபோது அவருக்கு வயது 26. கழுத்து, நாடி, நெஞ்சின் மேற்பகுதி எல்லாம் எரிந்தன. காயம் ஆறியது, ஆனால் ஆறும்போது தோல் சுருங்கி நாடியை நெஞ்சோடு இழுத்துக் கட்டிவிட்டது. கீழ் உதடு வெளியே பிரண்டு வாய் முழுதாக மூடாது. சோறு வெளியே சிந்தும். ஆகாயத்தைப் பார்க்க வேண்டும் என்றால் முழு உடம்பையும் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். பதினான்கு வருடம் அப்படியே இருந்தார். கலியாண வீடு, கோயில் திருவிழா எதற்கும் போகவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி காசு அனுப்பச் சம்மதித்ததும் ஊரில் கதை கிளம்பியது. "நாப்பது வயசிலை இனி ஆருக்கு வடிவு காட்டப் போறாள்?" என்று கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. மூன்று நேரச் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட ஊரில் முகத்துக்குச் செலவு செய்வது பாவம் போலத் தெரிகிறது. அக்காவுக்கே அந்தக் கூச்சம் இருந்தது.

சென்னையில் வைத்திய நிபுணர், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். அக்கா, "வடிவாச் சாப்பிடோணும் ஐயா. வடிவா நித்திரை கொள்ளோணும். ஆரும் கூப்பிட்டா வடிவாத் திரும்பிப் பாக்கோணும்" என்றார். அங்கே 'வடிவு' என்ற சொல்லுக்கு நமது அர்த்தம் தெரியாது. "அழகாச் சாப்பிடணுமா?" என்று அவர் குழம்பினார். நான் விளங்கப்படுத்தினேன். நமது ஊரில் வடிவு என்றால் அழகும்தான். ஒழுங்காக, நிறைவாக ஒன்றைச் செய்வதும்தான். அவர் சிரித்துவிட்டு, "அப்ப ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

அவர் சொன்னது சரி. வாய் மூடுவதும் கழுத்துத் திரும்புவதும் உடம்பின் தேவை. கண்ணாடியில் முகத்தைப் பார்க்க மனம் வருவதும் ஒரு தேவைதான். இரண்டையும் பிரித்து, ஒன்றை நியாயம் என்றும் மற்றதை ஆடம்பரம் என்றும் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பலாலியில் இருந்து சென்னைக்கு

2022 டிசம்பரில் பலாலி – சென்னை விமானம் மீண்டும் பறக்கத் தொடங்கியதால் நாங்கள் கொழும்புக்கு அலையவில்லை. நெடுந்தீவில் இருந்து யாழ்ப்பாணம் வர எடுத்த நேரத்தை விட யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்குப் போக எடுத்த நேரம் குறைவு. ஆனால் விமானத்துக்கு முன் தாள் வேலை இருக்கிறது. வைத்தியசாலை தரும் கடிதத்தைக் காட்டி மருத்துவ விசா எடுக்க வேண்டும். துணைக்குப் போகிறவருக்குத் தனி விசா. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் 2010 முதல் இருப்பது பெரிய உதவி.

போய் இறங்கினால் நாங்கள் தமிழர், ஆனால் வெளிநாட்டவர். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தத் தொல்லைக்குப் பயந்து இரண்டு இடத்தில் அறை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் கடவுச்சீட்டுப் பிரதி, விசாப் பிரதி, படம் எல்லாம் வாங்கிக்கொண்டு திறப்பைத் தந்தார்கள். கடையில் பேசினால் "நீங்க மலையாளமா?" என்று கேட்பார்கள். முதலில் சிரிப்பு வந்தது. மூன்றாம் கிழமை அக்காவுக்குக் கண்ணீர் வந்தது.

நம்மவர் வைத்தியத்துக்காக அந்தக் கரையை நாடுவது புதிதல்ல. வைத்தியமும் ஒரு காலத்தில் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்யத் தொடங்கிய அமெரிக்க மிசனரி ஜோன் ஸ்கடர் பின்பு சென்னைக்கு மாறினார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய பெரிய வேலூர் வைத்தியசாலை. அங்கே போல் பிராண்ட் என்ற வைத்தியர் 1948 அளவில் தொழுநோயால் மடங்கிய கைகளைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை சரியான பின்னும் அந்த மனிதர்களுக்கு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை, காரணம் முகம். ஆகவே அவர் விழுந்த மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் திருத்தத் தொடங்கினார். சோறு போடும் சிகிச்சைதான் அதுவும்.

கத்தி வைத்த நாளும் அதன் பிறகும்

கத்தி வைத்தது நாலரை மணி நேரம். அதற்கு முன் பத்து நாள் போயிற்று. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று முதலில் உணவும் மாத்திரையும் தந்தார்கள். கழுத்து வளையாதவருக்கு மயக்க மருந்து கொடுத்துச் சுவாசக் குழாய் வைப்பது கடினம் என்பதால், அந்த நிபுணர் தனியாக வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

சுருங்கிய தழும்பை வெட்டி விடுவித்து, தொடையில் இருந்து எடுத்த தோலை அந்த இடத்தில் ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பிடிக்கும் வரை கழுத்தை அசைக்கக் கூடாது. ஐந்தாம் நாள் கட்டு அவிழ்த்தபோது தோல் பிடித்திருந்தது. ஆனால் அக்கா கண்ணாடி கேட்கவில்லை. எட்டாம் நாள் கேட்டார். பார்த்துவிட்டு, "ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி கிடக்கு" என்றார். உண்மைதான். வேறு நிறத்தில், ஓரத்தில் தையலோடு ஒரு துண்டு. அன்று பின்னேரம் முழுக்கப் பேசாமல் படுத்திருந்தார். கழுத்தை விடத் தொடையில் தோல் எடுத்த இடம்தான் அவருக்குக் கூடுதலாக நொந்தது. அதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அறையில் இருந்த நாட்கள்தான் உண்மையான சோதனை. ஊரில் என்றால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அங்கே நானும் அவரும் மின்விசிறியும்தான். காசு கணக்கு வேறு. எல்லாம் அடக்கம் என்று இடைத்தரகர் ஒருவர் சொல்லியிருந்த தொகையில் கழுத்துப் பட்டியும் இல்லை, மருந்தும் இல்லை, பின்னர் வரும் கிளினிக் கட்டணமும் இல்லை. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கடவுச்சீட்டுப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வைத்தியரின் கடிதம் கையில் இருந்ததால் விட்டார்கள்.

ஹிரோஷிமாவின் பெண்கள்

இப்படிப் போன பெண்கள் உலகில் முன்பும் இருந்தார்கள். 1945 ஓகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சிறுமிகளாக எரிந்தவர்களில் 25 பேர் 1955இல் அமெரிக்காவுக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். குண்டு போட்ட நாட்டுக்கே போனார்கள். நியூயோர்க்கில் மவுண்ட் சினாய் வைத்தியசாலையில் அவர்களுக்கு நடந்த சத்திரசிகிச்சைகள் 138. ஒருத்திக்கே பல தடவை. ஒரு பெண் 1956இல் சத்திரசிகிச்சையின்போது இறந்துபோனார். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் விடுதிகளில் இருக்கவில்லை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வீடுகளில் மகள்மார் போலத் தங்கினார்கள். பழைய முகம் திரும்பவில்லை. ஒட்டிப்போன விரல்களும் முழங்கைகளும் அசைந்தன. வீட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

இதை அக்காவுக்கு அந்த அறையில் வைத்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான். "அந்த வீட்டுக்காரர் அவையளை உத்துப் பாக்கேல்லையோ?"

ஊர் செய்யும் வைத்தியம்

தழும்பு முற்றி அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் செல்லும். அதுவரை தோல் மீண்டும் சுருங்கப் பார்க்கும். அதனால் இரவும் பகலும் கழுத்துப் பட்டி, அதன் மேல் இறுக்கமான துணி, நாளுக்குப் பலமுறை எண்ணெய் தடவி உருவுதல், கழுத்துப் பயிற்சி. நெடுந்தீவு வெயிலில் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வேர்வையில் கடி. துணியைத் தினமும் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். அங்கே குடிக்கவே தண்ணீருக்கு வரிசை.

அக்கா முதல் மாதம் மனம் விட்டுவிட்டார். "இவ்வளவு காசு முடிச்சும் தழும்பு கிடக்குதே" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னது அதற்கு ஒரு காரணம். பிறகு பக்கத்து வீட்டு ஆச்சி தானாகவே வந்து காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் போட்டு உருவத் தொடங்கினார். மாதர் சங்கப் பெண்கள் முறை வைத்து ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார்கள். இன்று அவர் கழுத்தை இடமும் வலமும் திருப்புகிறார். கீழ் உதடு மூடுகிறது. தழும்பு இருக்கிறது. எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுத் தானும் சிந்தாமல் குடித்தார்.

இரண்டாம் உலகப்போரில் எரிந்துபோன விமானப்படையினருக்கு இங்கிலாந்தில் ஈஸ்ட் கிறின்ஸ்ரெட் என்ற சிறு நகரத்தில் மக்கிண்டோ என்ற வைத்தியர் சிகிச்சை செய்தார். அவர் ஊர்ச்சனத்திடம் ஒன்று கேட்டார்: இவர்களை வீட்டுக்கு அழையுங்கள், கடைத்தெருவில் சாதாரணமாகப் பழகுங்கள். 'முறைத்துப் பார்க்காத ஊர்' என்று அந்த நகரத்துக்குப் பிறகு பெயரே வந்தது. கிழவியின் எண்ணெயும் அந்தக் குடத் தண்ணீரும் அதே வைத்தியம்தான்.

இன்னொரு பிள்ளை

அக்கா வீட்டில் எனக்காக இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி காத்திருந்தாள். ஏழு வயதில் முகாமில் குப்பிவிளக்குச் சரிந்து கன்னமும் காதோரமும் எரிந்தவள். முகவர் ஒருவர் தொலைபேசியில் படங்கள் அனுப்பி, ஒரே தடவையில் தழும்பே தெரியாமல் செய்யலாம் என்றிருக்கிறார். தாய் காணியை ஈடு வைக்க யோசிக்கிறார்.

"போகவேண்டாம் எண்டு சொல்லுவியளோ அக்கா?" என்று கேட்டாள்.

"உன்ரை முகம், உன்ரை முடிவு. ஆனால் தழும்பு இல்லாமல் போகும் எண்டு சொல்லுறவரை நம்பாதை. தழும்பை மெல்லிசாக்கலாம், இடம் மாத்தலாம், இழுவையை விடுவிக்கலாம். அழிக்க ஏலாது. சிலருக்கு வெட்டின இடம் முந்தியிலும் தடிக்கும்."

அக்கா குறுக்கிட்டார். "முதல்லை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு பிள்ளை. காணி எங்கையும் ஓடாது."

அதுவே நானும் எல்லோருக்கும் சொல்வது. யாழ். போதனா வைத்தியசாலையில் இப்போது பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். அரச வைத்தியசாலை, இலவசம். உங்கள் பிரதேச வைத்தியசாலையில் கடிதம் வாங்கிக்கொண்டு முதலில் அங்கே போங்கள். வெளிநாடுதான் வழி என்று அங்குள்ள வைத்தியர் சொன்னால், புறப்படுமுன் இவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள்:

எத்தனை சத்திரசிகிச்சை, எவ்வளவு இடைவெளியில்? சொன்ன தொகையில் மருந்து, பட்டி, அறை வாடகை, திரும்பப் போகும் பயணம் அடங்குமா? வந்தபின் சிக்கல் என்றால் இங்கே யார் பார்ப்பார்? சிகிச்சைக் குறிப்பையும் கடவுச்சீட்டுக்கான கடிதத்தையும் தருவார்களா? கடைசியாக, வீட்டில் ஒரு வருடம் எண்ணெய் போட்டு உருவ, தண்ணீர் தர, முகத்தை நேரே பார்த்துக் கதைக்க யார் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு நீங்கள் பதில் தேடும்போது அயலில் உள்ள சகோதரிகளும் தேடவேண்டும். சிகிச்சை முடிந்து வருகிறவரிடம் எவ்வளவு முடிந்தது என்று கேட்காமல், இன்றைக்குப் பயிற்சி செய்தாயா என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளை மறுவாரம் கிளினிக்குக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் படகில் வந்தால்தான் நேரத்துக்கு இலக்கம் எடுக்கலாம். அக்காவும் கூட வருகிறாராம்.